சித்திரையில் விழுந்த பிரசவ டியூட்டி

போன வாரம், நர்சிங் பள்ளியில் இப்போது பாடம் நடத்தும் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். கையில் சுருட்டிய பெரிய தாள். அதை மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க என் மாத்திரை டப்பாவையும் மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் தூக்கி மூலைக்கு ஒன்றாக வைத்தாள். பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்களில் யார் எந்த மாதம் எந்த வார்டில் என்று கட்டம் கட்டமாகப் போட்ட அட்டவணை. வண்ணப் பென்சிலால் தீட்டியிருந்ததில் கல்யாண வீட்டு ஜமக்காளம் மாதிரி இருந்தது.

“எப்படிம்மா இருக்கு?” என்றாள்.

“கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. சித்திரை மாசம் பிரசவ வார்டு யாருக்கு?”

“அந்த ஊதாக் கட்டம்மா. புதுசா வந்த பொண்ணுக்கு. அப்ப அங்க கூட்டம் இருக்காது, பதறாம கத்துக்குவான்னு போட்டேன்.”

“அழி” என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. ராத்திரி பகலாக உட்கார்ந்து போட்டிருப்பாள், பாவம். ஆனால் முகத்துக்கு அஞ்சி டியூட்டி போடுகிற வழக்கம் எனக்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ரப்பரை வாங்கி நானே அழித்தேன். பிறகு காபி போட்டுக் கொடுத்து, ஏன் அழித்தேன் என்று சொன்னேன். கேட்டுவிட்டு, “இதை எழுதிக் குடுங்கம்மா” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. காரைக்காலில் பிறந்தேன், புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகளிடம் தொழில் கற்றேன். நகம் வளர்ந்திருந்தால் கத்திரிக்கோலின் பிடியால் விரல் கணுவில் போடுவார்கள். வலித்த விரல் எதையும் மறக்காது என்பது அவர்கள் சித்தாந்தம். சான்றிதழோடு ஊர் திரும்பி ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சில வருஷத்தில் மருத்துவச்சிப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. நான் கேட்டு வாங்கினேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

பயிற்சிப் பெண்களுக்கு நாலு இடம் மாறி மாறி வரும். பொது வார்டு, புண் கட்டும் அறை, கருவிகள் கொதிக்க வைக்கும் அறை, பிரசவ வார்டு. முதல் மூன்றுக்கும் அட்டவணை போடுவதில் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. புண் எப்போதும் இருக்கும், கருவிகள் எப்போதும் அழுக்காகும். பிரசவம் அப்படியில்லை. அது நம் கட்டத்தைப் பார்த்து வராது. ஆள் நிற்கும் நாளில் வேலை இருக்காது, வேலை குவியும் நாளில் ஆள் வேறு அறையில் இருப்பாள். கற்றுக்கொடுப்பது ஒரு வேலை என்றால், வேலை வருகிற இடத்தில் அந்த நேரத்துக்கு ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவது அதைவிடப் பெரிய வேலை. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

பிரசவ வார்டில் என் முறை இது. முதலில் பார்ப்பாள். பார்ப்பது என்றால் சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பதல்ல. வலி எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டால் சட்டென்று சொல்ல வேண்டும். அடுத்து, கூட நின்று உதவுவாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள், தொப்புள்கொடி கட்டக் கொதிக்க வைத்த நூலையும் கத்திரிக்கோலையும் எடுத்து வைப்பாள், வயிற்றில் கை வைத்துத் தலை எங்கே முதுகு எங்கே என்று கண்டுபிடிப்பாள். அப்போதெல்லாம் எங்களிடம் ஊதல் போன்ற ஒரு மரக்குழல் உண்டு. ஒரு முனையை வயிற்றில் வைத்து, மறு முனையில் காதை வைத்தால் உள்ளே குழந்தையின் இதயம் தட்டுவது கேட்கும். அதைக் கேட்டுவிட்டு முகம் மலராத பெண்ணை நான் பார்த்ததில்லை.

மூன்றாவதாகத்தான் அவள் கையால் செய்யும் பிரசவம். அப்போது நான் பக்கத்தில் நிற்பேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, கட்டிய கையை அவிழ்க்க மாட்டேன். இது பார்க்கச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கைகள் தன்னால் முன்னே வரும். வாய் வேறு சும்மா இருக்காது.

அட்டவணையை நான் எழுதினாலும் கையெழுத்துப் போடுவது டாக்டர் கபிரியேல். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் படித்து வேலைக்கு வந்தவர், எங்கள் ஊர்க்காரர்தான். நெடுநெடுவென்று இருப்பார், குரல் மட்டும் தணிந்து வரும். அவர் யாரையும் ‘முடியாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. தாளை வாங்கி நின்றபடியே படிப்பார். பிடித்திருந்தால் உடனே பேனாவைத் திறப்பார். பிடிக்கவில்லை என்றால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. இதை யாரு செய்யப்போறா?” என்பார். அந்தக் கேள்வியில் பாதி யோசனைகள் செத்துப்போகும். யார் செய்வது என்று யோசிக்காமல் வந்தவர்கள் தாளை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நானும் இரண்டொரு தடவை திரும்பியிருக்கிறேன். அப்புறம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர் அறைக்குள் நுழைவதை விட்டேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருத்தி ஜுலைகா. பள்ளிவாசல் தெருக்காரி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். அவள் தெருவிலிருந்து இந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். அவளுடைய வாப்பா கப்பலில் சைகோன் வரை போய் வந்த மனிதர். மகளைச் சேர்க்க அவரே கூட வந்தார். என் எதிரிலேயே அவளிடம், “படிச்சா முழுசாப் படிச்சுட்டு வா. பாதியில வந்தா மறுபடி வாசப்படி தாண்ட விடமாட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தெருவில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருப்பார் என்று எனக்கும் புரிந்தது.

ஜுலைகாவின் கை நல்ல கை. சிலருக்குக் கை பேசும், வாய் பேசாது. அவள் அந்த ரகம். மரக்குழலை வைத்தால் முதல் தடவையிலேயே இடம் பிடிப்பாள்.

அந்த வருஷம் நோன்பு மாதம் சித்திரை வெயிலில் வந்தது. நான் அவளுக்குப் பிரசவ வார்டை மாசி மாதத்தில் போட்டிருந்தேன். டாக்டர் தாளைப் படித்தார். பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.

“இந்தப் பொண்ணு சித்திரையில நோம்பு இருக்குமே. அப்ப கொதிக்கிற அறையில நிக்க முடியுமா? அதை மாசியில முடிச்சிடட்டும். சித்திரையில பிரசவ வார்டு குடுங்க. அங்க அப்ப வேலை குறைச்சல், உக்காந்து இருக்கலாம்.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. சித்திரையில் எங்கள் பிரசவ வார்டு காலியாகத்தான் கிடக்கும். காரணம் ஊருக்கே தெரியும். ஆடியில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். அக்கினி வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று அந்தக் கணக்கு. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்ததே பெரும்பாலும் தலைப்பிரசவம்தான். இரண்டாவது, மூன்றாவதெல்லாம் வீட்டோடு முடிந்துவிடும். தலைப்பிரசவம் இல்லாத சித்திரையில் வார்டில் கொசுதான் குடியிருக்கும். நோன்பு இருக்கிற பெண்ணுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? நல்ல மனசோடு சொன்னார், நானும் மாற்றி எழுதினேன்.

சித்திரை பிறந்த கையோடு மேலிடத்திலிருந்து புது விதி வந்தது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா முடிந்ததும் வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். பயிற்சிப் பெண் ஒவ்வொருத்தியும் இத்தனை பிரசவம் தன் கையால் செய்திருக்க வேண்டும். இல்லாதவள் பரீட்சைக்கு உட்காரக் கூடாது. அது மட்டும் என்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்களைத்தான் பயிற்சிக்குச் சேர்ப்பார்களாம். பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பு செல்லாது. மற்ற பெண்கள் எல்லாரும் தங்கள் முறையில் எண்ணிக்கையை முடித்துவிட்டார்கள். ஜுலைகாவுக்கு ஒன்றுகூட இல்லை. அவள் முறையோ சித்திரை. அதோடு அவள் கதை முடிந்தது, வாசப்படியும் மூடிக்கொள்ளும்.

விதி வந்த அன்று அவள் அழவில்லை. காலி வார்டில் கட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த கட்டில்கள்.

டாக்டரிடம் போனேன். “நான் எரக்கப்பட்டதுதான் அந்தப் பொண்ணுக்கு வினையாப் போச்சு” என்றார். அவரை அப்படி ஒடிந்து நான் பார்த்ததில்லை. அன்று அவரிடம் சொன்னதைத்தான் என்னிடம் பயிற்சிக்கு வந்த எல்லாருக்கும் பிறகு சொல்லியிருக்கிறேன்: கற்றுக்கொள்ள வந்தவள்மேல் இரக்கம் இருந்தால் பேச்சில் காட்ட வேண்டும், சாப்பாட்டில் காட்ட வேண்டும். அட்டவணையில் காட்டினால் அவளுக்கு வேலை வராது.

“சரி, இப்ப என்ன வழி?” என்றார்.

“பிரசவம் வார்டுக்கு வரலைன்னா நாம பிரசவத்துக்குப் போவோம். ஆடிக் கணக்கு பாக்காத வீடுங்க ஊர்ல எவ்வளவோ இருக்கு. முஸ்லிம் தெருக்கள்ல சித்திரையிலயும் தலைப்பிரசவம் நடக்குது. காரைக்கால்மேட்டு மீனவக் குப்பத்துல ரெண்டாவது, மூணாவது நடக்குது. எல்லாம் வீட்டுக்குள்ள நடக்குது, நமக்குத் தெரியறதில்ல.”

தாளைக் கவிழ்த்து வைக்க அவர் கையில் தாள் இல்லை. கேள்வி மட்டும் வந்தது. “நல்லாத்தான் இருக்கு. எந்த வீட்ல எப்பன்னு தெரிஞ்சு, இதை யாரு செய்யப்போறா?”

“நான். தெரிஞ்சுக்க எனக்கு ஒரு ஆள் இருக்கு.”

அந்த ஆள் வளையல்காரி தாயாரம்மாள். ஏழாம் மாதம் ஆனால் எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் எங்கள் பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி கைக்கு வளையல் ஏறும். ஆண் வியாபாரி வாசலோடு நிற்கும் தெருக்களில் தாயாரம்மாள் அடுப்பங்கரை வரை போய் வருவாள். அவளை வரவழைத்து உட்கார வைத்தேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, மாசியில் யார் யாருக்கு வளையல் போட்டாள் என்று தெருத் தெருவாகச் சொல்லி வந்தாள். நடுநடுவே எந்த மாமியார் எப்படிப்பட்டவள் என்பதும் இலவசமாக வந்தது. நான் இரண்டு மாதம் கூட்டிப் போட்டுப் புது அட்டவணை எழுதினேன். என் ஆயுளில் நான் போட்ட அட்டவணைகளில் அதற்கு ஈடு இல்லை. டாக்டர் பேனாவைத் திறந்தார். தன் குதிரை வண்டியையும் எங்களுக்கு விட்டார்.

காரைக்கால்மேட்டில் கதவு எளிதாகத் திறந்தது. அங்கே பெண்கள் என்னை வண்டியிலிருந்து கையைப் பிடித்தே இறக்கினார்கள். ஜுலைகாவுக்கு நாலைந்து பிரசவம் அங்கே கிடைத்தது. ஆனால் அது போதாது. மீதி அவள் தெருவிலும் அதை ஒட்டிய தெருக்களிலும்தான் இருந்தது. அங்கே என்ன தடை வரும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவருமே அதைப் பற்றிப் பேசாமல் வண்டியில் ஏறினோம்.

ஆமினா உம்மா வீடு. மகள் மைமூனுக்குத் தலைப்பிரசவம், விடியற்காலையிலிருந்து வலி. வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆமினா உம்மாவே வாசலுக்கு வந்தார். பெரிய உருவம். கதவை அடைத்துக்கொண்டு நின்றால் காற்றுப் போகாது.

“நீங்க வாங்க நர்சம்மா. இது நம்ம ஜுலைகாவுல்ல? இவ எதுக்கு?”

“இவதான் இன்னைக்குப் பிரசவம் பாக்கப்போறா. நான் பக்கத்துலயே இருப்பேன்.”

“என்னம்மா இப்படிச் சொல்றீங்க? கல்யாணம் ஆகாத பொண்ணு. பிள்ளை பெறுற அறைக்குள்ள கன்னிப் பொண்ண விடுவாங்களா? ஆஸ்பத்திரியில என்னமும் நடக்கட்டும். இது வீடு. நாளைக்கு அவளுக்குத்தான் ஒரு சம்பந்தம் வருமா? அவ வாப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. அந்தத் தெருவில் எந்தத் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பாள். எங்கள் தெருவிலும் சொல்லியிருப்பாள். ஜுலைகா தலையைக் குனிந்துகொண்டு பையை வண்டியிலேயே திரும்ப வைக்கப் போனாள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் வெள்ளைச் சேலையும் என் வயதும் என் அதட்டலும் சேர்ந்து, புருஷனை இழந்தவள் என்று ஊர் தானாகவே முடிவு கட்டியிருந்தது. யாரும் கேட்டதில்லை, நானும் மறுத்ததில்லை. அந்த நினைப்பில்தான் எத்தனையோ வீடுகளில் என்னைப் பிரசவ அறைவரை விட்டார்கள். அதை உடைத்தால் அந்தத் தெருவில் மட்டுமல்ல, ஊரிலேயே எனக்குக் கதவுகள் சாத்தப்படலாம். என் தொழிலே போகலாம். இவ்வளவும் அந்த வாசலில் நிற்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பையை எடுத்து வைக்கப் போன அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“உம்மா, எனக்கும் கல்யாணம் ஆகலை” என்றேன்.

ஆமினா உம்மா விளங்காமல் பார்த்தார்.

“எனக்குப் புருஷன் இருந்ததே கிடையாது. உங்க பெரிய மவளுக்கு ரெண்டு பிள்ளையும் இந்தக் கையிலதான் பொறந்துச்சு. அதுங்க நல்லா இருக்குதுல்ல? கன்னிப் பொண்ணு கை ஆகாதுன்னா என்னையும் வாசல்லயே நிறுத்துங்க. நாங்க ரெண்டு பேருமே திரும்பிப் போறோம்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “இத்தன வருஷமா சொல்லவே இல்லையே! ஏமாத்திப்புட்டீங்களே!” என்று சத்தம் போட்டார். அக்கம் பக்கத்து வீடுகளில் திரைச்சீலைகள் அசைந்தன. உள்ளேயிருந்து மைமூன் கத்தினாள், “உம்மா, யாரையாவது உள்ள விடுங்களேன்! ஜுலைகா வந்திருக்காளா? அவளை வரச் சொல்லுங்க, என்னோட படிச்சவதானே!”

ஆமினா உம்மா என்னை விட்டு ஜுலைகாவின் பக்கம் திரும்பினார். வெயிலில் அவள் உதடு வெடித்திருந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

“நோம்பு வச்சிருக்கியா?”

“ஆமா மாமி.”

“இந்த வெயில்லயா?”

“ஆமா.”

கதவிலிருந்து ஒதுங்கினார். “சரி, உள்ள வா” என்றார். என்னை அவர் கூப்பிடவில்லை. நானாகத்தான் பின்னால் போனேன்.

அது லேசான பிரசவமாக இருந்திருக்கலாம். இல்லை. பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரத்தில் தலை வந்தது. வந்த தலை அதற்குமேல் நகரவில்லை. ஜுலைகா விரலை விட்டுப் பார்த்தாள். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. கொடியைத் தளர்த்தித் தலைக்கு மேலாகக் கழற்றிவிட வேண்டும், அதுதான் முதல் வழி. கழற்றப் பார்த்தாள். இறுக்கம், வரவில்லை. குழந்தையின் முகம் நீலம் பாரிக்கத் தொடங்கியது.

பின்னால் கட்டியிருந்த என் கைகளில் ஒன்றை மற்றொன்று நெரித்துக்கொண்டிருந்தது. முன்னே பாய இன்னும் ஒரு மூச்சு நேரம்தான் பொறுப்பேன் என்று நினைத்தேன். ஜுலைகா என் பக்கம் திரும்பவில்லை. “மைமூன், முக்காத. வாயத் தொறந்து மூச்சு விடு, நாய் மாதிரி விடு” என்றாள். அவள் குரல் அவ்வளவு உரக்க வந்து நான் கேட்டதில்லை. இடுக்கி மாதிரியான ஒரு கவ்வியைக் கொடியில் போட்டாள், பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கத்திரிக்கோல் போனது. கொடி விலகியது. “இப்ப முக்கு” என்றாள். தோள் வந்தது, பிறகு முழுக் குழந்தையும் வழுக்கிக்கொண்டு வந்தது. துவண்டு கிடந்தது. வாயைத் துடைத்தாள், தலையைத் தாழ்த்திப் பிடித்தாள், துணியால் முதுகைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஆமினா உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று துஆ ஓதினார். அப்புறம் குழந்தை தும்மியது, தும்மிவிட்டு அழுதது. என் கைகளை அவிழ்த்துப் பார்த்தேன், மணிக்கட்டில் நகம் பதிந்திருந்தது. புதுச்சேரிக் கன்னியாஸ்திரிகள் பார்த்திருந்தால் எனக்குத்தான் அடி விழுந்திருக்கும்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது மறுநாளைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சில வீடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வலி வந்ததும் அவற்றில் பாதி வண்டி அனுப்பின. ஜுலைகா எண்ணிக்கையை முடித்தாள், ஆனியில் பரீட்சைக்கு உட்கார்ந்தாள், தேறினாள். அவளுடைய வாப்பா ஆஸ்பத்திரிக்கே வந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷ அட்டவணையை டாக்டர் நின்றபடியே படித்தார், ஒரு கட்டத்தைக்கூட மாற்றவில்லை.

ஆனால் ஜுலைகா தேறினாள் என்று எனக்குத் தெரிந்தது ஆனியில் இல்லை. ஆமினா உம்மா வீட்டுப் பிரசவம் ஆன அந்த வாரத்திலேயே தெரிந்தது. அதே தெருவிலிருந்து ஒரு அம்மா வார்டுக்கு வந்தார். மகளுக்கு வலி கண்டிருக்கிறதாம்.

“அந்த நோம்புக்காரப் புள்ளய அனுப்புங்க.”

நான் எழுந்து செருப்பை மாட்டினேன்.

“நீங்க எதுக்கும்மா வெயில்ல? அந்தப் புள்ள போதும்.”

மேற்பார்வைக்கு ஆள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் போனேன். கூடத்தில் பாய் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். தாங்கள் நோன்பு என்றாலும் எனக்கு மட்டும் ஒரு டம்ளர் சர்பத் கொடுத்தார்கள். பிரசவ அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து ஜுலைகாவின் குரல் கேட்டது. ஒரு தடவைகூட அவள் என்னைக் கூப்பிடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் குழந்தை அழுதது. வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். வந்திருக்கும் விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி, “பொம்புளப் புள்ள பொறந்திருக்கு, சர்பத்தக் குடிங்க” என்றார்.